சான் ஃபிரான்சிஸ்கோ சிட்டி காலேஜ்: வரலாறு, படிப்புகள், அந்த அங்கீகாரச் சிக்கல்

கேள்வி இதுதான். அக்கா பி.காம். முடித்தவர். கணவரின் வேலைக்காகச் சான் ஃபிரான்சிஸ்கோ போய் எச்-4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் துணைவருக்கான விசா) இருக்கிறார். அங்கே பழகியவர்கள் எல்லாரும் "சிட்டி காலேஜில் சேருங்கள்" என்கிறார்கள். அது என்ன மாதிரிக் கல்லூரி, எப்போது தொடங்கியது, என்னென்ன படிக்கலாம்? இணையத்தில் தேடினால் "அங்கீகாரம் ரத்து" என்று பழைய செய்திகள் வருகின்றனவே, நம்பிச் சேரலாமா?

சேரலாம். அது பொதுப்பணத்தில் நடக்கும் கல்லூரி, அங்கீகாரம் உள்ள கல்லூரி. ரத்து செய்யப்போவதாக 2013-ல் அறிவிப்பு வந்தது உண்மைதான். ஆனால் அந்த அறிவிப்பு நடைமுறைக்கு வரவே இல்லை, ஒருநாள்கூட அங்கீகாரம் இல்லாமல் அந்தக் கல்லூரி இருந்ததில்லை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அந்தச் சண்டை கணக்கு வழக்கில் தொடங்கினாலும், கம்யூனிட்டி காலேஜ் (உள்ளூர் மக்களுக்கான இரண்டாண்டுக் கல்லூரி) என்பது யாருக்காக என்ற கேள்வியில்தான் போய் நின்றது. அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால் உங்கள் அக்கா அங்கே என்ன படிக்கலாம் என்பதும் தானாகத் தெரியும்.

முதலில் அமைப்பைப் பார்ப்போம். கலிபோர்னியாவில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மாவட்டத்தின் கீழ் வரும். இந்த மாவட்டம் வருவாய்த்துறை மாவட்டம் அல்ல, கல்லூரிக்கென்றே வரையறுத்த எல்லை. சான் ஃபிரான்சிஸ்கோவில் நகரம் முழுக்க ஒரே மாவட்டம், ஒரே கல்லூரி, பல கேம்பஸ்கள். நிர்வாகக் குழுவின் ஏழு உறுப்பினர்களை நகர வாக்காளர்களே தேர்தலில் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். மாநில அரசின் நிதி, உள்ளூர்ச் சொத்து வரி, மாணவர் கட்டணம் ஆகியவற்றில்தான் கல்லூரி ஓடுகிறது. 18 வயது நிறைந்த யாரும் சேரலாம், கட்-ஆஃப் கிடையாது. பள்ளிப் படிப்பை முடிக்காதவரும் வரலாம், பிஎச்.டி. வாங்கியவரும் வரலாம். நர்சிங் போல இடம் குறைவாக உள்ள சில படிப்புகளுக்கு மட்டும் தனியாக விண்ணப்பித்துத் தேர்வாக வேண்டும்.

இந்த "யாரும் வரலாம்" என்பது சும்மா வந்த சலுகை இல்லை. 1960-ல் கலிபோர்னியா தன் உயர்கல்விக்கு ஒரு பெருந்திட்டம் வகுத்தது. பள்ளி முடிப்பவர்களில் மேல்மட்ட எட்டில் ஒரு பங்கினருக்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகம், அதாவது பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ் போன்றவை. மூன்றில் ஒரு பங்கினருக்குள் வருபவர்களுக்கு மாநிலப் பல்கலைக்கழகங்கள். மற்ற எல்லாருக்கும் கம்யூனிட்டி காலேஜ். அங்கிருந்து இரண்டு ஆண்டு கழித்து நேராக மூன்றாம் ஆண்டுக்குப் பல்கலைக்கழகம் மாறிக்கொள்ளும் வழி. மேலே உள்ள கதவு குறுகலாக இருப்பதற்கு ஈடாகக் கீழே உள்ள கதவு முழுதாகத் திறந்திருக்கும் என்பதுதான் அந்தத் திட்டத்தின் உடன்பாடு. கீழ்க்கதவைச் சாத்தினால் திட்டம் முழுவதுமே நியாயம் இழந்துவிடும்.

சிட்டி காலேஜ் அதற்கும் 25 ஆண்டு முந்தியது. பெரும் பொருளாதார மந்தத்தின் நடுவில், 1935 ஆகஸ்டில், "சான் ஃபிரான்சிஸ்கோ ஜூனியர் காலேஜ்" என்ற பெயரில் தொடங்கினார்கள். பள்ளி முடித்த பிள்ளைகளுக்கு வேலை இல்லை, பல்கலைக்கழகம் போகப் பணம் இல்லை. நகரப் பள்ளிக் கல்வித்துறையில் உயர் பொறுப்பில் இருந்த ஆர்ச்சிபால்ட் கிளவுட் என்பவர்தான் விடாமல் முயன்று இதைக் கொண்டுவந்தார், முதல் தலைவரும் அவரே. கல்லூரி இருந்தது, கட்டடம் இல்லை. பவல் தெருவில் பல்கலைக்கழகத்தின் விரிவாக்க மையத்திலும் கலிலியோ உயர்நிலைப் பள்ளியிலும் இடம் வாங்கி வகுப்பு நடத்தினார்கள். கூட்டம் பெருகப் பெருக, நகரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட இடங்களில் வகுப்பு நடந்தது. ஒரு வகுப்பு முடிந்ததும் மாணவர்கள் டிராம் ஏறி அடுத்த வகுப்புக்கு ஓடினார்கள். அதனால் "டிராலி கார் காலேஜ்" என்று பட்டப்பெயரே வந்துவிட்டது.

நகரின் தெற்கே, பல்போவா பூங்கா ஒட்டிய மேட்டு நிலத்தில் 1940-ல் சொந்தக் கட்டடம் எழுந்தது. அதற்கு முன்பு அந்தப் பகுதி சிறைச்சாலைக்குப் பேர்போனது. மேட்டின் உச்சியில் அறிவியல் கட்டடம். அதை வடிவமைத்தவர் டிமதி ஃப்ளூகர், அந்தக் காலத்துச் சான் ஃபிரான்சிஸ்கோவின் முன்னணிக் கட்டடக் கலைஞர். இன்று ஓஷன் கேம்பஸ் என்று சொல்லப்படும் தலைமை வளாகம் இதுதான்.

இங்கே ஒரு கிளைக்கதை சொல்லியாக வேண்டும், சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. அதே 1940-ல் விரிகுடா நடுவில் உள்ள டிரெஷர் தீவில் உலகப் பொருட்காட்சி நடந்தது. அதன் கலைப் பகுதிக்கு ஃப்ளூகர் பொறுப்பு. மெக்சிகோவின் பெரும் ஓவியர் டியேகோ ரிவேராவை அவர் அழைத்தார். பொருட்காட்சிக்கு வந்த மக்கள் கண்முன்னே சாரம் கட்டி ரிவேரா வரைந்தார். 22 அடி உயரம், 74 அடி நீளம், பத்துப் பலகைகள். ஈரச் சுண்ணாம்பின் மேல் தீட்டும் முறை. வடக்கு அமெரிக்கா, தெற்கு அமெரிக்கா இரண்டின் கலையும் உழைப்பும் சேர்வதுதான் பொருள்; நடுவில் ஆஸ்டெக் தெய்வ உருவம் ஒருபாதி, தொழிற்சாலை எந்திரம் மறுபாதி. ரிவேராவின் மனைவி ஃப்ரீடா காலோவும் அதில் இருக்கிறார், சார்லி சாப்ளினும் இருக்கிறார். அது முதலிலிருந்தே சிட்டி காலேஜுக்காக வரைந்தது. ஃப்ளூகர் கட்டவிருந்த கல்லூரி நூலகத்தில் பதிப்பதாக ஏற்பாடு.

அப்புறம் போர் வந்தது. நூலகம் கட்டவில்லை. 1946-ல் ஃப்ளூகரும் இறந்துவிட்டார். பலகைகள் பெட்டிகளில் அடைந்து கல்லூரியில் ஆண்டுக்கணக்கில் கிடந்தன. 1961-ல்தான் ஃப்ளூகரின் தம்பி மில்டன் வடிவமைத்த அரங்கத்தின் முகப்புக் கூடத்தில் சுவரேறியது. 2021-ல் சான் ஃபிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகம் அதை இரவல் வாங்கிக் காட்சிக்கு வைத்தது, 2024 தொடக்கம் வரை அங்கே இருந்தது. உலகத்தில் எந்த அருங்காட்சியகமும் முதல் கூடத்தில் வைக்கும் ஒரு படைப்பு, கட்-ஆஃப் கேட்காத ஒரு கல்லூரியின் சொத்து. எனக்கு இதில் பெரிய மகிழ்ச்சி உண்டு. கல்லூரி முன்னால் ஓடும் ஃபெலன் அவென்யூவின் பெயரை 2018-ல் "ஃப்ரீடா காலோ வே" என்று மாற்றினார்கள். "கலிபோர்னியா வெள்ளையர்களுக்கே" என்ற தொனியில் ஆசியக் குடியேறிகளுக்கு எதிராகப் பிரசாரம் செய்த ஒரு செனட்டரின் குடும்பப் பெயர் அது. ஆசிய மாணவர்கள் நிறைந்த கல்லூரியின் முகவரியில் அந்தப் பெயர் இத்தனை காலம் இருந்ததே அதிகம்.

வரலாற்றுக்குத் திரும்புவோம். போர் முடிந்து ஊர் திரும்பிய படைவீரர்களுக்கு அரசே படிப்புச் செலவைக் கொடுத்தது. கல்லூரி நிரம்பி வழிந்தது. கடற்படையின் பெண்கள் பிரிவுக்காகச் சாலைக்கு எதிர்ப்புறம் கட்டியிருந்த தற்காலிகக் கட்டடங்களையும் வாங்கி வகுப்பு நடத்தினார்கள். 1948-ல் "சிட்டி காலேஜ் ஆஃப் சான் ஃபிரான்சிஸ்கோ" என்று பெயர் மாறியது. 1970-ல் பள்ளி வாரியத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனது. அப்போது நகரத்தில் நடந்துவந்த முதியோர் கல்வி வகுப்புகள் எல்லாம் இந்தப் புது மாவட்டத்தின் கைக்கு வந்தன. சில காலம் பட்டப்படிப்புப் பிரிவு ஒருபக்கம், முதியோர் கல்வி மையங்கள் மறுபக்கம் என்று இரண்டு தண்டவாளமாக ஓடி, 1990-ல் ஒரே கல்லூரியாக இணைந்தன.

இந்த இணைப்பை வெறும் நிர்வாக விஷயம் என்று தாண்டிப் போகக்கூடாது. சிட்டி காலேஜின் தனித்தன்மையே இதில்தான் இருக்கிறது. கலிபோர்னியாவின் பல ஊர்களில் ஆங்கிலம் தெரியாத குடியேறிகளுக்கான வகுப்பு, குடியுரிமைத் தேர்வுக்கான வகுப்பு, பள்ளிச் சான்றிதழ் வகுப்பு எல்லாம் பள்ளி மாவட்டங்களிடம் இருக்கின்றன. சான் ஃபிரான்சிஸ்கோவில் அவை கல்லூரியிடமே உள்ளன. இவற்றை "நான்-கிரெடிட்" என்பார்கள். மதிப்பெண் பட்டியலில் யூனிட் (பட்டத்துக்குச் சேரும் பாட அளவு) ஏறாது, கட்டணமும் கிடையாது. சைனாடவுனில் இருக்கும் பாட்டி ஆங்கிலம் கற்பதும், மிஷன் பகுதியில் பகலெல்லாம் ஓட்டலில் பாத்திரம் கழுவிவிட்டு இரவில் ஒருவர் வகுப்புக்கு வருவதும், பெர்க்லிக்கு மாறப்போகும் பத்தொன்பது வயதுப் பையன் கால்குலஸ் படிப்பதும் ஒரே கல்லூரியில். ஆங்கிலம் கற்பிக்கும் துறைதான் நெடுங்காலமாக அங்கே மிகப் பெரிய துறை. சைனாடவுனுக்குச் சொந்தக் கட்டடம் வேண்டும் என்று அந்தப் பகுதி மக்கள் பல பத்தாண்டு போராடினார்கள். 2012-ல் கேர்னி தெருவில் உயரமான புதுக் கட்டடம் திறந்தது. அதே ஆண்டில்தான் கல்லூரியின் தலைக்கு மேல் கத்தி தொங்கத் தொடங்கியது.

அதற்குப் போகும் முன் படிப்புகளைப் பார்த்துவிடலாம்.

இந்தக் கல்லூரி மிகப் பெருமையாகச் சொல்லிக்கொள்வது ஓட்டல், உணவகத் தொழில் படிப்பு. 1936-ல், அதாவது கல்லூரி தொடங்கிய மறு ஆண்டே, நகரத்து ஓட்டல்காரர்களின் ஆதரவோடு தொடங்கினார்கள். இரண்டாண்டுக் கல்லூரிகளில் அமெரிக்காவிலேயே இந்தத் துறைக்கு இதுதான் முன்னோடி. மாணவர்களே சமைத்து மாணவர்களே பரிமாறும் உணவகம் வளாகத்துக்குள் உண்டு. அமெரிக்காவில் சமையல் கலை கற்பிக்கும் தனியார் பள்ளிகள் பல்லாயிரம் டாலர் வாங்குகின்றன. அந்தக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் திண்டாடியவர்கள் ஏராளம். அதே கையையும் நாக்கையும் இங்கே மிகக் குறைந்த செலவில் பழக்கிக்கொள்ளலாம்.

மருத்துவம் சார்ந்த படிப்புகளும் உண்டு, அவற்றில் பல ஜான் ஆடம்ஸ் மையத்தில் நடக்கின்றன. பதிவுபெற்ற நர்ஸ், ஆம்புலன்ஸ் பணியாளர், எக்ஸ்ரே எடுப்பவர், மருத்துவ அலுவலக உதவியாளர் என்று வேலைக்கு நேராகப் போகும் பயிற்சிகள். தீயணைப்பு, கட்டுமானம், வாகனப் பழுது, குழந்தை வளர்ப்புக் கல்வி, தோட்டக்கலை, ஆடை வடிவமைப்பு எல்லாம் உண்டு. விமானப் பராமரிப்பு வகுப்பு நெடுங்காலம் சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்திலேயே நடந்தது. விரிகுடாப் பகுதியில் உயிரித் தொழில்நுட்ப நிறுவனங்கள் பெருகியபோது, பள்ளியில் அறிவியல் சரியாகப் படிக்காதவர்களையும் ஆய்வகத் தொழில்நுட்பர் ஆக்கும் ஒரு பாதையைக் கல்லூரி வகுத்தது. முதலில் கணக்கும் வேதியியலும் ஆய்வகச் சூழலிலேயே சொல்லிக்கொடுத்து, பிறகு உள்ளே அழைத்துப் போகும் முறை. கணினி, நெட்வொர்க், கிளவுட் வகுப்புகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை, அந்த ஊரில் அவை இல்லாமல் இருந்தால்தான் செய்தி.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பிலிப்பைன்ஸ் மக்களின் வரலாற்றுக்கு 1970-லேயே அங்கே தனிப் பாடப்பிரிவு வந்தது. ஒருபாலீர்ப்பாளர் வாழ்வையும் இலக்கியத்தையும் படிப்பதற்கு 1989-ல் தனித் துறையே அமைத்தார்கள், அமெரிக்காவில் முதன்முறையாக. எய்ட்ஸ் நோய் அந்த நகரத்தைச் சூறையாடிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. நகரத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களின் கதை பாடமாக வேண்டும் என்ற எண்ணம் தொடக்கத்திலிருந்தே அந்தக் கல்லூரியில் ஓடுகிறது.

பல்கலைக்கழகத்துக்கு மாறும் வழி எப்படி? பொதுப்பாடங்களும் துறைசார் அடிப்படைப் பாடங்களும் சேர்த்து 60 யூனிட் முடித்தால் மூன்றாம் ஆண்டில் சேர விண்ணப்பிக்கலாம். எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் எதற்கு ஈடு என்பதை மாநிலமே ஒரு பொதுத் தளத்தில் பட்டியலிட்டு வைத்திருக்கிறது. டேவிஸ், இர்வைன், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ், ரிவர்சைட், மெர்செட் ஆகிய ஆறு கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள், குறிப்பிட்ட மதிப்பெண்ணும் பாடங்களும் இருந்தால் இடம் உறுதி என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கும். பெர்க்லியும் லாஸ் ஏஞ்சலிஸும் அப்படி உறுதி தருவதில்லை, ஆனாலும் ஆண்டுதோறும் கம்யூனிட்டி காலேஜிலிருந்து ஆயிரக்கணக்கில் எடுக்கின்றன. கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகங்களில் பட்டம் வாங்குகிறவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் கம்யூனிட்டி காலேஜ் வழியாக வந்தவர்கள். பட்டச் சான்றிதழில் பல்கலைக்கழகத்தின் பெயர்தான் இருக்கும், முதல் இரண்டு ஆண்டு எங்கே படித்தீர்கள் என்பது அதில் வராது.

சரி, அங்கீகாரச் சிக்கல்.

அமெரிக்காவில் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் கொடுப்பது அரசு அல்ல, அரசு ஏற்றுக்கொண்ட தனி ஆணையங்கள். அங்கீகாரம் போனால் மாணவர்களுக்கு மத்திய அரசின் உதவித்தொகை நிற்கும், யூனிட்டுகளைப் பல்கலைக்கழகங்கள் ஏற்காது, மாநில நிதியும் போகும். ஆகவே கல்லூரிக்கு அது உயிர் போகும் விஷயம்.

2008-ல் தொடங்கிய பொருளாதாரச் சரிவில் கலிபோர்னியா தன் கல்லூரிகளுக்கான நிதியை வெட்டியது. மற்ற கல்லூரிகள் வகுப்புகளைக் குறைத்தன. சிட்டி காலேஜ் முடிந்தவரை வகுப்பையும் ஆட்களையும் காப்பாற்றப் பார்த்தது. கையிருப்பு கரைந்தது. கணக்கு வைப்பு, திட்டமிடல், நிர்வாக முடிவெடுக்கும் முறை எல்லாவற்றிலும் குறை இருந்தது உண்மை, அதைக் கல்லூரியை நேசிக்கிறவர்களும் மறுக்கவில்லை. 2012 ஜூலையில் ஆணையம், "உங்கள் அங்கீகாரத்தை ஏன் எடுக்கக்கூடாது, காரணம் காட்டுங்கள்" என்று நோட்டீஸ் விட்டது. கல்லூரி ஓராண்டு பதறிப் பதறி மாற்றங்கள் செய்தது. 2013 ஜூலையில், அடுத்த ஆண்டு ஜூலை 31-உடன் அங்கீகாரம் முடிகிறது என்று ஆணையம் அறிவித்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழுவின் அதிகாரத்தை மாநிலம் எடுத்துவிட்டு, முழு அதிகாரத்தோடு தனி ஒருவரை நியமித்தது.

கவனிக்க வேண்டியது, பாடம் நடத்தும் தரத்தைப் பற்றி அல்ல அந்தத் தகராறு. பணமும் நிர்வாகமும்தான் குற்றச்சாட்டின் மையம். அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. அந்த ஆண்டுகளில்தான் கலிபோர்னியா முழுவதும் கம்யூனிட்டி காலேஜ்களின் வேலை என்ன என்று மறுவரையறை நடந்துகொண்டிருந்தது. சீக்கிரம் சேர், சீக்கிரம் பட்டம் வாங்கு அல்லது பல்கலைக்கழகம் மாறு, இடத்தைக் காலி செய் என்பது புதிய கொள்கை. வாழ்நாள் கல்வி, கலை ஆர்வத்துக்காகப் படிப்பது, முதியோர் வகுப்பு இவையெல்லாம் ஆடம்பரம் என்று ஆனது. இந்த நெருக்கடியில் சிட்டி காலேஜும் தன் குறிக்கோள் அறிக்கையைத் திருத்தி, அகலமாக இருந்ததைக் குறுக்கி எழுதியது. என்னைக் கேட்டால், கணக்கில் இருந்த குறைகளைவிட அந்தச் சில வரிகள் நீங்கியதுதான் அந்த ஆண்டின் பெரிய இழப்பு. எத்தனை பேர் பட்டம் வாங்கினார்கள் என்பதை மட்டும் எண்ணினால், ஆங்கிலத்தில் டாக்டரிடம் பேசத் தெரிந்துகொண்டதும் வகுப்பை விட்டுப் போன பாட்டி "பாதியில் நின்றவர்" கணக்கில் வந்துவிடுவார். அவர் வந்த வேலை முடிந்துவிட்டது என்பதை அந்தக் கணக்கில் எழுதக் கட்டமே இல்லை.

ஆசிரியர் சங்கங்கள் மத்தியக் கல்வித்துறையிடம் முறையிட்டன. ஆணையத் தலைவரின் கணவரே ஆய்வுக்குழுவில் இருந்தது உட்பட, ஆணையம் தன் விதிகளைச் சரியாகப் பின்பற்றவில்லை என்று கல்வித்துறை 2013 ஆகஸ்டில் சொன்னது. அதே மாதம் நகரத்தின் தலைமை வழக்கறிஞர் டெனிஸ் ஹெரேரா ஆணையத்தின் மேல் வழக்குப் போட்டார். 2014 ஜனவரியில் நீதிபதி கர்டிஸ் கார்னோ, வழக்கு முடியும் வரை அங்கீகாரத்தை எடுக்கக்கூடாது என்று இடைக்காலத் தடை விதித்தார். விசாரணை நடந்து, ஆணையம் சட்டத்தை மீறியது என்று 2015-ல் தீர்ப்பு வந்தது. 2017 ஜனவரியில் அங்கீகாரம் ஏழு ஆண்டுக்கு முழுதாகப் புதுப்பிக்கப்பட்டது.

வழக்கில் வென்றாலும் சேதம் சேதம்தான். "மூடப்போகிறார்கள்" என்ற செய்தி பரவியதும் பல்லாயிரம் மாணவர்கள் விலகிப் போனார்கள். கலிபோர்னியாவில் பெரும்பாலும் மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் நிதி வரும். ஆள் குறைந்தால் பணம் குறையும், பணம் குறைந்தால் வகுப்பு குறையும், வகுப்பு குறைந்தால் மறுபடி ஆள் குறையும். அந்தச் சுழலிலிருந்து கல்லூரி இன்னும் முழுதாக மீளவில்லை. பிறகு கொரோனாவும் வந்தது. 2022-ல் முழுநேர ஆசிரியர்கள் பலரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அதே ஆண்டு நவம்பரில் கல்லூரிக்கென்று கூடுதல் சொத்து வரி கேட்ட முன்மொழிவை வாக்காளர்கள் நிராகரித்தார்கள். 2024 தொடக்கத்தில் ஆணையம் மறுபடி ஓர் எச்சரிக்கை விடுத்தது. எச்சரிக்கை இருக்கும்போதும் அங்கீகாரம் முழுதாகச் செல்லும், வாங்கிய யூனிட்டுக்கு எந்தக் குறையும் இல்லை. செய்தியில் அடுத்தமுறை இப்படி ஏதாவது வந்தால் பதற வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

வாக்காளர்கள் எப்போதும் கைவிட்டவர்கள் அல்ல. நெருக்கடி உச்சத்தில் இருந்த 2012 நவம்பரில், கல்லூரிக்காக வீட்டுமனை ஒன்றுக்கு ஆண்டுக்கு 79 டாலர் வரி கட்ட நகரம் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் வாக்களித்தது. 2016-ல் "பிரபோசிஷன் டபிள்யூ" என்ற முன்மொழிவு வாக்கெடுப்பில் வென்றது: 50 லட்சம் டாலருக்கு மேல் விலைபோகும் சொத்துகளின் விற்பனைக்குக் கூடுதல் வரி. அந்த வருவாயைக் காட்டி, நகரத்தில் வசிப்பவர்களுக்குச் சிட்டி காலேஜில் கல்விக் கட்டணமே இல்லை என்று மேயர் எட் லீயும் நகரவை உறுப்பினர் ஜேன் கிம்மும் 2017 தொடக்கத்தில் அறிவித்தார்கள். அந்த ஆண்டு இலையுதிர் பருவத்திலிருந்து "ஃப்ரீ சிட்டி" நடைமுறைக்கு வந்தது. வருமானம் எவ்வளவு என்று கேட்காமல், நகரவாசிகள் எல்லாருக்கும் என்று செய்ததில் அமெரிக்காவில் இதுவே முதல் நகரம்.

இதைப் புதுமை என்று பலர் எழுதினார்கள். உண்மையில் அது பழைய நிலைக்குத் திரும்பியது. கலிபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களில் 1984 வரை கல்விக் கட்டணமே கிடையாது. 1978-ல் "பிரபோசிஷன் 13" சொத்து வரிக்கு உச்சவரம்பு போட்டதும் கல்லூரிகளின் வருவாய் நொறுங்கியது. 1984-ல் யூனிட்டுக்கு 5 டாலர் என்று முதன்முதலாக வாங்கினார்கள். அது ஏறி ஏறி 2012-ல் 46 டாலர் ஆனது. நிலத்தின் மதிப்பு ஏறியதால் கிடைத்த பணத்தில் கொஞ்சத்தை எடுத்து, நில வரியைக் குறைத்ததால் போன உரிமையைத் திருப்பிக் கொடுத்தது சான் ஃபிரான்சிஸ்கோ. இதைவிடப் பொருத்தமான வரி எனக்குத் தெரியவில்லை.

இனி உங்கள் அக்கா விஷயம். எச்-4 விசாவில் படிக்கத் தடை இல்லை, எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாறத் தேவையும் இல்லை. கலிபோர்னியாவில் ஓராண்டுக்கு மேல் குடியிருந்ததற்கான சான்று இருந்தால் எச்-4 காரர்களை உள்ளூர்க் கட்டணத்தில் சேர்ப்பார்கள். குடியிருப்பு ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, வரிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் போன்றவற்றை வந்த நாளிலிருந்தே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஓராண்டு ஆகாமல் யூனிட் வகுப்பில் சேர்ந்தால் வெளி மாநிலத்தார் கட்டணம் விழும், அது பல மடங்கு. ஃப்ரீ சிட்டி சலுகைக்கும் இந்த மாநிலவாசித் தகுதி வேண்டும், அதோடு வீடு சான் ஃபிரான்சிஸ்கோ எல்லைக்குள்ளேயே இருக்க வேண்டும். டேலி சிட்டியிலோ ஓக்லாந்திலோ இருந்தால் பொருந்தாது. நகர நிதிநிலையைப் பொறுத்து நிபந்தனைகள் மாறுகின்றன, சேரும் பருவத்தின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் உதவித்தொகை எச்-4-க்குக் கிடைக்காது.

அந்த முதல் ஆண்டை வீணாக்க வேண்டாம். நான்-கிரெடிட் வகுப்புகளுக்குக் கட்டணம் இல்லை என்பதால் அதிலிருந்து தொடங்கலாம். பி.காம். படித்தவருக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. ஆனால் அமெரிக்கப் பேச்சும் அலுவலக எழுத்தும் பழக அங்கே மேல்நிலை வகுப்புகள் உண்டு, கணினி அலுவலகப் பயிற்சியும் உண்டு. தனியாக வீட்டில் இருப்பவருக்குப் பல நாட்டுக்காரர்களோடு ஒரு வகுப்பில் உட்காரக் கிடைப்பது தனி நன்மை.

ஓராண்டு கழிந்த பிறகு அக்கவுண்டிங் பக்கம் போவது அவருக்குப் பொருத்தம் என்பது என் எண்ணம். கலிபோர்னியாவில் சி.பி.ஏ. (உரிமம் பெற்ற கணக்காளர்) ஆக, பட்டத்தோடு குறிப்பிட்ட அளவு அக்கவுண்டிங், பிசினஸ் யூனிட்டுகள் காட்ட வேண்டும். முதலில் பி.காம். சான்றிதழை அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றில் கொடுத்து மதிப்பிடச் சொல்லுங்கள். அமெரிக்கக் கணக்கில் எத்தனை யூனிட் தேறுகிறது, எது குறைகிறது என்று அவர்கள் எழுதித் தருவார்கள். குறைவதைக் கம்யூனிட்டி காலேஜில் ஒவ்வொன்றாக முடிப்பது பலர் போகும் வழி, செலவும் மிகக் குறைவு. அமெரிக்க வருமான வரிப் பாடம் ஒன்றைத் தனியாக எடுத்தாலும் கை கொடுக்கும். வேலை அனுமதி வரும்வரை சம்பளம் வாங்கும் பயிற்சி வேலை எதிலும் சேரக்கூடாது, கல்லூரி வழியாக வந்தாலும் கூடாது. இதை மட்டும் கறாராகச் சொல்லி வையுங்கள்.

ஓஷன் கேம்பஸுக்கு பார்ட் ரயிலில் பல்போவா பார்க் நிறுத்தத்தில் இறங்கி நடந்தே போகலாம். நிதி நெருக்கடியால் ஆள் சேராத வகுப்புகளைப் பருவம் தொடங்கும் முன்பே ரத்து செய்துவிடுகிறார்கள். ஆகவே பதிவு திறந்த முதல் வாரத்திலேயே இடம் போட்டுவிடச் சொல்லுங்கள், முடிந்தால் மாற்றாக இன்னொரு வகுப்பையும் பார்த்து வைக்கட்டும். சேர்ந்ததும் கவுன்சிலரிடம் நேரம் வாங்கி, மதிப்பீட்டு அறிக்கையைக் கையில் கொண்டுபோய், எந்தப் பருவத்தில் எந்தப் பாடம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். அந்தச் சேவைக்கும் கட்டணம் இல்லை.